அறிவியல் புனைகதையை முதலில் எங்கே கொடுப்பது?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆரம்பாக்கத்து நண்பரின் மகள், ஆந்திர எல்லையோரச் சூலூர்பேட்டையில் இருக்கும் என் கடைக்கு வந்தாள். மோட்டார் காயில் கட்டும் கடை அது. அவளுடைய அப்பாவின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோயிருந்தது. அதை இறக்கிவைத்த கையோடு, பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். மூன்று கதைகள். மூன்றும் அறிவியல் புனைகதைகள்.

"மாமா, இதையெல்லாம் எங்கே அனுப்புவது? வார இதழுக்கா, இணைய இதழுக்கா, இல்லை நானே கிண்டிலில் போட்டுவிடட்டுமா? நீங்கள் எல்லாவற்றையும் செய்துபார்த்தவர், சொல்லுங்கள்" என்றாள்.

ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற பெண். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூங்குவதற்கு முன் எழுதிய கதைகள் அவை. அன்று மோட்டாரைப் பிரித்துக்கொண்டே ஏதோ அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக இந்த வகைக் கதைகளை எழுதி, ஏறத்தாழ எல்லா வாசலிலும் நின்றுபார்த்தவன் நான். அவளுக்காகவும் அவளைப் போல் எல்லையோர ஊர்களில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்காகவும் இதை நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கதைக்கு முதல் வெளியீடு ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். ஏறக்குறைய எல்லா இதழ்களும், எல்லாப் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத கதையைத்தான் கேட்கின்றன. முகநூல் சுவரில் போட்டாலும் அது வெளியீடுதான். இருநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் பல ஆசிரியர்கள் அப்படித்தான் கணக்கில் கொள்வார்கள். எழுதி முடித்த சூட்டில் நண்பர்களுக்குக் காட்டும் ஆசையில் பொதுவெளியில் போட்டுவிட்டு, பிறகு இதழைத் தேடிய கதைகள் என்னிடமே நான்கு இருக்கின்றன. எந்த இடம் நல்ல இடம் என்ற கேள்விக்கு என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை. எது முதலில், எது பிறகு என்ற வரிசைக்குத்தான் பதில் இருக்கிறது.

வார இதழிலிருந்து தொடங்குகிறேன், நானும் அங்கேதான் தொடங்கினேன். எண்பதுகளில் சுஜாதா ஆனந்த விகடனில் ஓர் எந்திர நாயை வைத்துத் தொடர்கதை எழுதினார். கடைவீதியில் இருப்பவர்கள்கூட அந்த நாயைப் பற்றிப் பேசினார்கள். வெகுஜன இதழில் அறிவியல் புனைகதை எடுபடுமா என்ற கேள்விக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அன்று கதைக்கென்று இருந்த பக்கங்கள் இன்று இல்லை. எழுநூறு, எண்ணூறு சொற்களுக்குள் முடித்தால்தான் இடம். அறிவியல் கதைக்கு இது மிகவும் கடினம், ஏனென்றால் நம் கதையில் ஆட்களை மட்டும் அறிமுகப்படுத்தினால் போதாது. கதை நடக்கும் உலகத்தின் விதியையும் அறிமுகப்படுத்த வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 'எண்ணிக்கை' என்று ஒரு கதை எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் கண் தெரியாத பாட்டி ஒருத்தி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறும்போதெல்லாம் பேத்தி மாடியிலிருந்து "போகிறது பாட்டி!" என்று கத்துவாள். அந்தக் குரல் கேட்டதிலிருந்து ஜன்னல் கதவு அதிரும் வரை பாட்டி எண்ணுவாள். ஏவுதளம் எங்களுக்கு இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் நகரும். ஆகவே வெளிச்சம் தெரிந்து ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் இரைச்சல் வந்து சேரும். பாட்டிக்கு எப்போதும் ஐம்பத்தெட்டு. ஓர் இரவு பத்தொன்பது எண்ணும்போதே ஜன்னல் அதிர்ந்துவிடுகிறது. பத்தொன்பது நொடி என்றால் ஆறரைக் கிலோமீட்டர். அந்தத் தொலைவில் ஏவுதளம் கிடையாது, பழவேற்காடு ஏரிதான் கிடக்கிறது. ஏரிக்குள்ளிருந்து எதுவோ ஏறியிருக்கிறது என்பது அந்த ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரிகிறது.

ஒரு வார இதழ் கதையை ஏற்றுக்கொண்டது. பெரும் மகிழ்ச்சி. சென்னையிலிருந்து வரும் மின்சார ரயிலில் இதழ்க் கட்டு இறங்கும் வரை நிலையத்துக்கு வெளியே காத்திருந்து, கடைக்காரர் கயிற்றை அறுத்ததும் வாங்கிப் பிரித்தேன். அழகான ஓவியத்தோடு வந்திருந்தது. ஒலியின் வேகத்தைச் சொல்லும் பத்தி மட்டும் இல்லை. இடத்துக்காக வெட்டியிருந்தார்கள். பாட்டி எதற்காக எண்ணுகிறாள் என்பதைச் சொல்வதே அந்தப் பத்திதான். அது போனபின் கதையில் மிஞ்சியது ஒரு வயதான பெண்ணின் பழக்கம் மட்டுமே. அவள் ஏதோ நாமம் எண்ணுகிறாள் என்று நினைத்து, அவளுடைய பக்தியைப் பாராட்டி ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். அந்த வாசகர் மேல் தவறே இல்லை. அவர் கைக்குப் போன கதை அதுதான்.

இருந்தாலும் வார இதழை ஒதுக்கிவிடு என்று நான் சொல்லமாட்டேன். சலூனில், மருத்துவமனை வரிசையில், ரயிலில் எதிர் இருக்கையில் என்று நம்மைத் தேடி வராத வாசகரிடமும் நம் கதையைக் கொண்டு சேர்ப்பது அது ஒன்றுதான். ஆனால் அங்கே அனுப்பும் கதையை அந்த அளவுக்கென்றே எழுத வேண்டும். எந்த வாக்கியத்தை வெட்டினாலும் கதை சாயும் என்ற அளவுக்கு இறுக்கமாக இருந்தால், வெட்டுகிறவரின் கை தானாகவே நின்றுவிடும். பெரிய கதையைச் சுருக்கி அனுப்பினால் என் பாட்டிக்கு நேர்ந்ததுதான் நேரும்.

இன்னொரு இழப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. அரூ இணைய இதழ் 2019 இல் அறிவியல் சிறுகதைக்கென்றே தனிப் போட்டி அறிவித்தது. இந்த வகைக்கென்று தமிழில் ஒரு வாசல் திறந்ததைப் பார்த்து எனக்குக் கை பரபரத்தது. என்னிடம் இருந்ததிலேயே நல்ல கதை 'எண்ணிக்கை'தான். அதுவோ குறைப்பட்ட வடிவத்தில் முன்பே வெளிவந்துவிட்டது. முதல் வெளியீட்டை நான் செலவழித்துவிட்டிருந்தேன்.

அடுத்தது சிற்றிதழ். இங்கே வெட்ட மாட்டார்கள். நாலாயிரம் சொல் என்றாலும் கதை நன்றாக இருந்தால் போடுவார்கள். பணம் கிடையாது, இரண்டு பிரதி வரும். சில நூறு பேர் படிப்பார்கள், ஆனால் படிப்பவர்கள் பென்சிலோடு படிப்பார்கள். அறிவியல் கதை என்றாலே புருவத்தை உயர்த்துகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்திரத்தைத் தாண்டி மனிதர் தெரிந்தால் அவர்களும் இறங்கி வருவார்கள் என்பது என் அனுபவம். அது நியாயமான எதிர்பார்ப்பு என்றே நினைக்கிறேன்.

சிற்றிதழில் நான் பட்ட அடி வேறு மாதிரியானது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குள் நுண்ணெந்திரங்கள் குடியேறுவதைப் பற்றி ஒரு கதை. அவற்றின் அளவு 10⁻⁹ மீட்டர் என்று எழுதியிருந்தேன். நான் அனுப்பியது ஒருங்குறியில் (யூனிகோட்). அவர்கள் பக்கம் வடிவமைத்ததோ பழைய எழுத்துருவில். மாற்றும்போது மேலே ஏறி நின்ற எண் கீழே இறங்கிவிட்டது, கழித்தல் குறியும் உதிர்ந்துவிட்டது. அச்சில் '109 மீட்டர்' என்று வந்தது. ஒரு மோட்டாருக்குள் நூற்றொன்பது மீட்டர் நீள எந்திரம். தொழில் தெரிந்த ஒருவன் தன் கதையில் அந்த எண்ணைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. இதழைக் கடையில் வைக்காமல் வீட்டுப் பரணில் வைத்தேன்.

ஆனால் அந்தத் தவறுதான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது. மறுபடியும் அதே கதையைத் திருத்தும்போது '10⁻⁹ மீட்டர்' என்பதை 'ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு' என்று எழுதினேன். எந்த எழுத்துருவும் அதைக் குலைக்க முடியாது. அதைவிட, சத்தமாகப் படித்துப் பார்த்தபோது வாக்கியத்துக்கே ஒரு நடை வந்திருந்தது. தமிழில் எண்ணுக்குச் சொல் இருக்கிறது, அந்தச் சொல்லை வாய் விட்டுச் சொல்ல முடிகிறது. அன்றிலிருந்து என் கதைகளில் அடுக்கு எண்ணே கிடையாது. சிற்றிதழுக்கு அனுப்பும்போது பிடிஎப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறேன். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பு பார்க்கத் தருமாறு கேட்கிறேன். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். நான்தான் முதலில் கேட்கவில்லை.

இணைய இதழை நான் இன்று முதலிடத்தில் வைக்கிறேன். நீளத் தடை இல்லை. தவறு இருந்தால் அன்றே திருத்தலாம். சூலூர்பேட்டையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். எங்களைப் போன்ற எல்லையோரத்துக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தடாவைத் தாண்டினால் கடைப் பலகை முழுவதும் தெலுங்கு. தமிழ் இதழ் கிடைக்கும் கடையை விரல் விட்டு எண்ணிவிடலாம். வீட்டுக்குள் தமிழ் பேசி, தெலுங்கில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அச்சிதழ் கண்ணிலேயே படாது. கைப்பேசியில் வந்த கதை படும்.

'எண்ணிக்கை'யின் முழு வடிவத்தை ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன். முன்பு சுருக்கமாக வெளிவந்ததையும், என்ன வெட்டப்பட்டது என்பதையும் முதலிலேயே கடிதத்தில் சொல்லிவிட்டேன். மறைத்து அனுப்புவது கூடாது, தெரியவந்தால் அந்த வாசல் என்றைக்கும் மூடிக்கொள்ளும். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வெளிவந்த மூன்றாம் நாள் ஒரு வாசகர் எழுதினார்: 'குளிர்ந்த காற்றில் ஒலி சற்று மெதுவாகத்தானே நகரும்? அப்படியானால் பாட்டிக்கு எப்போதும் ஒரே எண்ணிக்கை வருமா?' கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர் மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையில் அந்தத் தொலைவுக்கு ஏறத்தாழ ஒரு நொடி வித்தியாசம் வருகிறது. உடனே ஒரு வரி சேர்த்தேன்: 'மார்கழியில் ஒன்று கூடும் என்று பாட்டிக்குத் தெரியும்.' கதையில் இன்று பலரும் எடுத்துச் சொல்லும் வரி அதுதான். முகம் தெரியாத ஒருவர் எனக்குக் கொடுத்தது.

குறையும் உண்டு. இணைய இதழ் நடத்துபவர்கள் சொந்தக் கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள். ஒருநாள் தளத்துக்குச் சந்தா கட்ட முடியாமல் போனால் எல்லாம் மறைந்துவிடும். என் கதைகள் இரண்டு அப்படிப் போயின. கதை வெளிவந்த அன்றே, இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்துக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. கட்டணமும் இல்லை.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்கு வருகிறேன். இளையவர்களிடம் அதிகக் குழப்பம் இருப்பது இங்கேதான். 2016 இறுதியில் அமேசான் தமிழ் மின்னூல்களுக்கு இடம் கொடுத்தது. யாருடைய அனுமதியும் இல்லாமல் நம் கதையை நாமே வெளியிட்டுக்கொள்ளலாம் என்பது பெரிய விடுதலை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். விற்பனைத் தொகையில் எழுதியவருக்கு 35 விழுக்காடு அல்லது 70 விழுக்காடு. இந்திய வாசகர் வாங்கும் பிரதிக்கு 70 விழுக்காடு வேண்டுமானால், புத்தகத்தை 'கேடிபி செலக்ட்' என்னும் திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். அதில் சேர்ந்தால் தொண்ணூறு நாட்களுக்கு அந்த மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. நம் சொந்த வலைப்பூவில்கூட. காலம் முடியும்போது நாம் நிறுத்தச் சொல்லாவிட்டால் தானாகவே நீண்டுகொண்டு போகும். சந்தா கட்டிப் படிப்பவர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்பதைப் பார்த்து அதற்கென்று ஒரு தொகை வரும்.

இதன் பொருள் என்ன? இணைய இதழில் இலவசமாகக் கிடைக்கும் கதையை இந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாது. இதழிடம் கேட்டு அங்கிருந்து எடுத்த பிறகுதான் சேர்க்கலாம். ஆகவே இதழுக்குக் கதை கொடுக்கும் முன்பே 'ஓராண்டு கழித்து எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டு எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.

தனிக் கதை ஒன்றை மின்னூலாகப் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நான் போட்டேன். முதல் மாதம் ஒன்பது பிரதி விற்றது, ஒன்பது பேரின் பெயரையும் என்னால் சொல்ல முடியும். பத்துக் கதைகளைத் தொகுத்து, படம் வரையத் தெரிந்த ஒருவரிடம் நல்ல அட்டை செய்து வாங்கிப் போட்டபோதுதான் தெரியாதவர்கள் வாங்கத் தொடங்கினார்கள். அறிவியல் கதைக்கு அட்டை மிக முக்கியம். பொதுவான நட்சத்திரப் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால், அதே படம் இன்னும் நாற்பது புத்தகங்களில் இருக்கும்.

பிரதிலிபி போன்ற செயலிகள் தொடர்கதைக்குப் பொருத்தமானவை. குடும்பக் கதையும் காதல் கதையும் படிக்க வருகிறவர்கள் அங்கே பெருந்திரளாக இருக்கிறார்கள். பன்னிரண்டு பக்க அறிவியல் சிறுகதை அந்தத் திரளில் தொலைந்துபோகும். அத்தியாயம் அத்தியாயமாக எழுதும் பொறுமை இருந்தால் முயன்றுபார்க்கலாம், எனக்கு இல்லை.

யாரும் நகலெடுத்துப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் தொண்டு மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என் ஆரம்பக் கதைகள் ஆறை மனமாரக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த உரிமத்தில் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான்; பெற்றுக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. ஆகவே அது வரிசையின் கடைசியில் வர வேண்டிய இடம். முதல் கதையைக் கொண்டுபோய் அங்கே வைப்பது சரியில்லை.

ஆங்கிலத்தைப் பற்றியும் அந்தப் பெண் கேட்டாள். வெளிநாட்டு அறிவியல் புனைகதை இதழ்கள் ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் தருகின்றன. அமெரிக்காவில் தொடங்கிய அறிவியல் புனைகதை, மிகுபுனைவு எழுத்தாளர் சங்கம் (SFWA) தொழில்முறை ஊதியம் என்று வைத்திருக்கும் அளவு சொல்லுக்கு 8 சென்ட். நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரு கூட்டமே இருக்கும், ஆங்கிலத்தில் அது ஐந்தாறு சொல்லாகப் பிரியும். என் 1,800 சொல் கதை மொழிபெயர்ப்பில் 2,700 ஆனது. அந்தக் கணக்கில் 216 டாலர். நான் தமிழில் இதுவரை எல்லாக் கதைக்கும் சேர்த்து வாங்கிய தொகைக்கு அது பக்கத்தில் வருகிறது.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இதுவரை வராத மொழிபெயர்ப்பைப் பல ஆங்கில இதழ்கள் புதிய கதையாகவே எடுத்துக்கொள்கின்றன. தமிழில் வெளிவந்திருப்பது அங்கே தடையில்லை. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் இதழ் 2017 இல் சமோவர் என்று ஒரு தனி இதழே தொடங்கி, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டது. தமிழ் எழுத்தை அப்படி ஒரு பக்கத்தில் நினைத்துப் பார்த்தாலே எனக்கு மனம் நிறைகிறது.

போட்டி கடுமையானது. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் கதை வாங்குவதையே சில வாரங்கள் நிறுத்திவைத்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்பட்ட கதைகள் வெள்ளமாக வந்து குவிந்ததுதான் காரணம். நம் கதை அந்த வெள்ளத்துக்குள் நின்று படிக்கப்பட வேண்டும். இன்னொன்று, அங்கே பல இதழ்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவதை ஏற்பதில்லை. ஓர் இடத்தில் மறுத்த பிறகே அடுத்த இடம். என் கதையை நான்கு இதழ்கள் மறுத்தன. நான்காவது இதழின் ஆசிரியர் மட்டும் 'பாட்டி நினைவில் நிற்கிறாள், வேறு கதை அனுப்புங்கள்' என்று இரண்டு வரி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கடையில் மின்மானிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். அடுத்த கதை மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மொழிபெயர்ப்பவருக்கு எவ்வளவு பங்கு என்பதை அனுப்பும் முன்பே எழுதிக்கொண்டுவிட்டோம்.

எழுதிக்கொள்வது என்றதும் சட்டத்தைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே கையெழுத்துப் போடுகிறோம். 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுப்பது எழுத்து மூலமாக, கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். உரிமை எழுதி வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய, அது திரும்ப நம்மிடமே வந்துவிடும். சட்டம் நம் பக்கம் இவ்வளவு இடம் விட்டிருக்கிறது. ஆனால் 'எல்லா உரிமையும், எல்லா வடிவத்திலும், எல்லாக் காலத்துக்கும்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த இடத்தை நாமே அடைத்துவிடுகிறோம். போட்டி விதிகளின் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஒலிவடிவம், திரைப்படம், மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் தனியாகப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தச் செலவில் அச்சுப் புத்தகம் போடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு கதைகள் வெளிவந்து, நான்கு பேராவது 'தொகுப்பு எப்போது?' என்று கேட்ட பிறகு செய்யலாம். புத்தகத்துக்கான அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம், அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். இப்போது ஐம்பது பிரதி மட்டும் அச்சிட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஐந்நூறு அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்க வேண்டியதில்லை. தபாலில் அனுப்புகிறவர்களுக்கு 2024 டிசம்பரில் அஞ்சல் துறை, புத்தகங்களுக்கென்று இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியது பெரிய அடியாக இருந்தது. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்து, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி என்று ஆனபின் சற்று மூச்சு விட முடிகிறது. ஒல்லியான சிறுகதைத் தொகுப்பு அந்த எடைக்குள் அடங்கும். பக்கங்களைத் தீர்மானிக்கும்போதே எடையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒவ்வோர் ஆண்டும் போகிறேன். 1977 இல் தொடங்கிய அந்தக் காட்சியில் ஒரு கடையின் மூலையில் நம் புத்தகம் இரண்டு பிரதி இருந்தாலும் போதும். காலை மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் நந்தனம். கடைக்காரரிடம் நம் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதைவிட, அறிவியல் கதை கேட்டு வருகிறவர்களிடம் பிற எழுத்தாளர்களின் நல்ல கதைகளைப் பற்றிப் பேசினால் உறவு வளர்கிறது. எனக்குக் கிடைத்த உறுதியான வாசகர்கள் அப்படி வந்தவர்களே.

கதையை எடுத்துச் சொல்வது, விளம்பரப்படுத்துவது பற்றி அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். 'நாமே நம் கதையைப் பற்றிப் பேசுவது நன்றாக இருக்குமா மாமா?' என்றாள். பதிலுக்கு ஒரு நாளைச் சொன்னேன்.

2023 ஜூலை 14, சந்திரயான்-3 ஏறிய நாள். எங்கள் தெருவில் மாடி எல்லாம் ஆட்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பதினொரு பேர் என் மாடியில் இருந்தார்கள். 'வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள், சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள்' என்றேன். பிற்பகல் 2.35. கிழக்கே மரங்களுக்கு மேல் வெளிச்சம் தெரிந்ததும் 'ஒகட்டி, ரெண்டு, மூடு' என்று தெலுங்கில் சிலர், தமிழில் சிலர். ஐம்பதைத் தாண்டியதும் இரைச்சல் வந்து மொட்டைமாடித் தகரத்தை அதிர வைத்தது. பிள்ளைகள் வாய் பிளந்து என்னைப் பார்த்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம்? அப்போது உட்காரவைத்து 'எண்ணிக்கை' கதையைச் சொன்னேன், தமிழிலும் தெலுங்கிலும் கலந்து. பத்தொன்பது என்ற இடம் வந்தபோது ஒரு சிறுமி எழுந்து ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அந்தத் திரும்பல்தான். அன்று மாலையே மூன்று வீடுகளிலிருந்து கதையின் இணைப்பைக் கேட்டு வாங்கினார்கள். அங்கிருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் தானே முன்வந்து அதைத் தெலுங்கில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்.

நாள்தோறும் முகநூலில் இணைப்பைப் பகிர்ந்தும் பார்த்திருக்கிறேன். நண்பர்கள் விருப்பக்குறி இடுவார்கள், படிக்கமாட்டார்கள். கதையில் இருக்கும் ஒரு பொருளை, ஒரு வியப்பை எடுத்து ஒருவர் கையில் கொடுத்தால், அவர் கதையைத் தேடி வருகிறார். அந்தப் பெண்ணின் மூன்று கதைகளில் ஒன்றான தொழிற்சாலைக் கதைக்கு அப்படி ஒரு பொருள் இருக்கிறது: தகட்டின் தடிமன் அளக்கும் கருவி. அதைக் கையில் பிடித்த தோழிகள் நூறு பேர் அவளோடு ஷிப்டில் இருக்கிறார்கள்.

ஆகவே மூன்று கதைகளுக்கும் என் முடிவு இது. சின்னக் கதை, எழுநூற்றைம்பது சொல், ஒரே ஓர் அறைக்குள் நடப்பது. அது வார இதழுக்கு. ஆறாயிரம் சொல் கதை இணைய இதழுக்கு. அறிவியல் கதைப் போட்டி ஏதேனும் அறிவிக்கப்பட்டால் முதலில் அதற்கு, விதிகளின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகு. தொழிற்சாலைக் கதைதான் மூன்றிலும் உயர்ந்தது. இரவு ஷிப்டில் இருக்கும் ஒரு பெண்ணின் கை நடுக்கத்தை எந்திரம் கற்றுக்கொள்வதை அவள் எழுதியிருக்கும் விதம் எனக்கு வராது. அதைப் பென்சிலோடு படிக்கிற சிற்றிதழ் வாசகர்கள் முதலில் படிக்க வேண்டும், அதன் பிறகு ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். கிண்டில் இப்போது வேண்டாம். பத்துக் கதை சேரட்டும்.

நேற்று மாலை மோட்டாரை எடுத்துப்போக வந்தாள். ஆட்டோவில் ஏற்றியபின் தொழிற்சாலைக் கதையின் பிரதியை நீட்டினாள். நான்காம் பக்கத்தில் '10⁻⁶ மீட்டர்' என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'ஒரு மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு' என்று எழுதியிருந்தாள். கீழே சிறிய எழுத்தில் ஒரு கேள்வி: 'மாமா, மெய்ப்பு கேட்டு அவர்களுக்குக் கடிதம் எழுதும்போது ஐயா என்று தொடங்கலாமா, ஆசிரியருக்கு என்று தொடங்கலாமா?'